காக்கைக்கு வைத்த சோறு

குழாயை ஆட்டாமல் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். "விரல் கனத்துக்குத்தான் தண்ணி வரணும் மாமா, வேகமா விட்டீங்கன்னா மீனுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அருள்மொழி பின்தோட்டத்து மீன்குளத்தின் அந்தப் பக்கம் போய்க் கல்லில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், தெர்மாமீட்டரின் நூலை விரலில் சுற்றிக்கொண்டு. சனிக்கிழமை காலை பத்து மணி, வெயில் அடிக்கிறது, ஆனால் இந்த ஊர் வெயிலில் சூடு கிடையாது, வெளிச்சம் மட்டும்தான். நான் போட்டிருப்பது மகனுடைய பழைய ஜாக்கெட், கை நீளம், அதனால் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிகிறது, அந்த நுனிகளும் மரத்துப் போய்விட்டன. காற்பங்கு தண்ணீரை இறைத்துக் கொட்டியாகிவிட்டது, அவ்வளவையும் திரும்ப நிரப்ப முக்கால் மணி நேரம் ஆகும், முக்கால் மணி நேரமும் அவளும் நானும் இப்படி எதிரும் புதிருமாக இருக்க வேண்டும். குளத்தில் மூன்று மீன் மிச்சம். போன சனிக்கிழமை ஐந்து இருந்தன. அவள் குளத்து அருவியின் பம்ப்பைச் சீக்கிரம் போட்டுவிட்டதால்தான் இரண்டும் செத்தன என்று மாறன், என் மகன், அவள் புருஷன், செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளோடு பேசவில்லை. மாடியில் அவன் வேலை பார்க்கும் அறையில் பாய் போட்டுப் படுக்கிறான். அவள் திங்கட்கிழமை ஒட்டாவாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள், ஒரு வாரம் என்கிறாள், பெட்டியைப் பார்த்தால் ஒரு வாரத்துப் பெட்டியாகத் தெரியவில்லை. மீன்களைக் கொன்றது அவள் இல்லை. நான். அதை நான் சொல்ல வேண்டும், வாய் திறந்து நாலு வார்த்தை, நான்தான் சோறு போட்டேன், முடிந்தது. ஐந்து நாளாக அந்த நாலு வார்த்தையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு காபி குடிக்கிறேன், இட்லி சாப்பிடுகிறேன், டிவி பார்க்கிறேன். தண்ணீர் கொஞ்சம் வேகமாக வருகிறதோ. கட்டை விரலால் அழுத்திக்கொள்கிறேன். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், சரி என்று தலையசைக்கிறாள், மறுபடி குனிகிறாள். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் முகம் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிக்கிறது என்று நினைக்கிறேன். கேவலம்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் மாறன் எழுதி ஒட்டியிருக்கிறான், தண்ணீர் பத்து டிகிரி தாண்டி ஒரு வாரம் நிலைக்கும்வரை தீனி கிடையாது, கீழே இரண்டு கோடு. தமிழில்தான் எழுதியிருக்கிறான், எனக்காகத்தான் தமிழில் எழுதியிருக்கிறான். அக்டோபரில் நான் வந்து இறங்கியபோது மரமெல்லாம் சிவந்து கிடந்தது, மீன்கள் மேலே வந்து என் கையையே தின்றுவிடுவதுபோல் வாயைத் திறந்தன. நவம்பரில் ஒருநாள் தீனி டப்பாவை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டான். "இனிமே ஏப்ரல் வரைக்கும் ஒண்ணும் கிடையாதுப்பா" என்றான். ஐந்து மாசமா என்றேன். "குளிர்ல அதுங்களுக்குக் குடல் வேலை செய்யாது. தின்னா உள்ளேயே கெடந்து அழுகிடும். பட்டினி கெடந்தாதான் பொழைக்கும்" என்றான். தலையாட்டினேன். முப்பத்தோரு வருஷம் ஹாஸ்டல் மெஸ் மேனேஜராக இருந்தவனிடம் பட்டினி கிடந்தால் பிழைக்கும் என்கிறான், நானும் தலையாட்டுகிறேன். எனக்கு ஒரு வேலை கொடுத்தான், பனிக்கட்டியில் ஒரு ஓட்டை எப்போதும் திறந்திருக்க வேண்டும், அது வழியாகத்தான் கீழே இருக்கிற கெட்ட காற்று வெளியே போகும், ஹீட்டர் ஒன்று மிதக்கிறது, இருந்தாலும் தினம் காலையில் போய்ப் பார்க்க வேண்டும், மூடியிருந்தால் சுத்தியலால் அடிக்கக் கூடாது, அதிர்ச்சியில் மீன் செத்துவிடும், வெந்நீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து உருக்க வேண்டும். செய்தேன். ஒருநாள் தவறாமல் செய்தேன். அந்த ஓட்டைக்கு நான் வாட்ச்மேன் என்று அருள்மொழி கேலி செய்வாள், அவளே பூட்ஸை எடுத்து என் காலருகே வைப்பாள். ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் அடியில் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். செத்துவிட்டதோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், கடைசியில் ஒரு துடுப்பு அசையும், அப்பாடா என்று உள்ளே வந்து இரண்டாவது காபி குடிப்பேன். அப்போதெல்லாம் அவற்றின் வயிறுதான் என் கண்ணில் பட்டது. வேறெதையும் நான் பார்த்துப் பழகவில்லை. முந்நூறு பையன்கள் பந்தியில் உட்கார்ந்தால் எவன் இலையில் சோறு குறைகிறது என்று தூணுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொல்வேன். ஒட்டிய வயிறு என்றால் எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், யாரோ பரிமாறாமல் விட்டுவிட்டார்கள்.

இல்லை, வயிறைப் பார்த்து இரக்கப்பட்டுப் போட்டேன் என்று இப்போது நானே கதை கட்டுகிறேன். அதற்காகப் போடவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. போன சனிக்கிழமை பங்குனி அமாவாசை, லோகாம்பாளுடைய திதி. என் மனைவி போய் நாலு வருஷம். ஊரில் என்றால் மாடியில் இலையை வைத்துவிட்டு இரண்டு தரம் கூப்பிட வேண்டியதில்லை, காக்கை அதற்கு முன்னாலேயே மதில்மேல் உட்கார்ந்து எப்போது கொண்டுவருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே அருள்மொழிதான் விடிகாலையில் எழுந்து குளித்துச் சமைத்தாள், வாழைக்காய், கத்தரிக்காய், பாசிப்பருப்புப் பாயசம், எங்கேயோ பிடித்து வாழையிலைகூட வாங்கி வந்திருந்தாள், படைத்துவிட்டு இருவரும் எதற்கோ கடைக்குப் போனார்கள், காக்கைக்கு வைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எள் கலந்த சோற்றை வீட்டுப் பின்பக்க மரத்தளத்தின் கைப்பிடிக் கட்டைமேல் வைத்துவிட்டு நின்றேன். காகா என்று கூப்பிட்டேன். அக்கம்பக்கத்தில் யாராவது ஜன்னல் வழியாகப் பார்ப்பார்களோ என்று முதல் தடவை மெதுவாக, அப்புறம் சத்தமாக. ஒன்றுமில்லை. தூரத்தில் ஒன்று மரத்தில் இருந்தது, கறுப்பு, காக்கைதான், நம் ஊர்க் காக்கையைவிடப் பெரிசு, அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துபோனது. ஒரு மணி நேரம் நின்றேன். அணில் ஒன்று வந்து முகர்ந்தது, விரட்டினேன். லோகு, கோபமா என்றேன். கோபம் இருக்கத்தான் வேண்டும், அவள் படுக்கையில் கிடந்த கடைசி வாரம்கூட நான் மெஸ் ஆடிட் என்று போய்விட்டு ஏழு மணிக்குத்தான் வந்தேன், அவளுக்குக் கஞ்சி ஊட்டியது பக்கத்து வீட்டம்மாள். முந்நூறு பேர் சாப்பிட்டார்களா என்று பார்த்தவன் வீட்டில் ஒருத்தி சாப்பிட்டாளா என்று பார்க்கவில்லை. இப்போது வைக்கிறேன், அவள் வரவில்லை. அப்போதுதான் குளத்தைப் பார்த்தேன். பனிக்கட்டியெல்லாம் உருகி நாலு நாள் ஆகியிருந்தது, வெயிலுக்கு மீன்கள் பாதி தூரம் மேலே வந்திருந்தன. பிண்டத்தை ஆற்றில் கரைக்கிறோம், மீன்தானே தின்கிறது. மன்னார்குடி தெப்பக்குளத்தில் லோகு பொரி வாங்கிப் போடாமல் ஒரு படி இறங்கமாட்டாள். காக்கை வராத ஊரில் மீன் வரட்டுமே. ஃபிரிட்ஜில் ஒட்டிய காகிதம் ஞாபகத்தில் இருந்தது, சத்தியமாக இருந்தது, ஒரு பிடி சோறு என்ன செய்துவிடும் என்று அதை ஒதுக்கித் தள்ளினேன். போட்டேன். பொட்டு வந்தது. வெள்ளை மீன், நெற்றியில் மட்டும் ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு வட்டம், மாறன்தான் அந்தப் பெயர் வைத்தான், ஏன் வைத்தான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அவனுடைய அம்மா வைத்துக்கொள்கிற பொட்டின் அளவு எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் காரியத்துக்கு அவனால் வர முடியவில்லை, அந்தக் கோடையில்தான் இந்தக் குளத்தைத் தனியாளாக வெட்டினான். பொட்டு மெல்ல மேலே வந்து வாயைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டது. நான் அழுதேன். ஞாயிற்றுக்கிழமையும் போட்டேன், திங்கட்கிழமையும் போட்டேன், எள் இல்லாமல், வெறும் சோறு, மூன்றாம் நாள் இரண்டு பிடியாகப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பொட்டு ஒருக்களித்து மிதந்தது. வயிறு உப்பியிருந்தது. மாறன் வலையால் எடுத்துப் புல்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான், ஆபீஸ் சட்டையோடு, ஈரப் புல்லில். நாற்பது வயதுப் பிள்ளை அழுவதைப் பார்த்தேன். அவன் அம்மாவுக்காக போனில் அழுதபோது எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது, முகம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் எழுந்து அருவி பம்ப்பை அணைத்துவிட்டு, "யாரு போட்டது இத?" என்றான். ஞாயிற்றுக்கிழமை வெயிலைப் பார்த்துவிட்டு அருள்மொழி போட்டிருந்தாள், தண்ணீர் விழும் சத்தம் கேட்டு ஆறு மாசம் ஆயிற்று என்று ஆசையாகப் போட்டாள். "அடித்தண்ணிதான் கொஞ்சம் கதகதப்பா இருக்கும், அதக் கலக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? பத்து டிகிரி வரட்டும்னு சொன்னேனா இல்லியா?" என்றான். அவள் சொன்னீங்க என்றாள். "ஒனக்கு வெளையாட்டு. எனக்கு..." என்று நிறுத்திவிட்டு உள்ளே போனான். நான் அங்கேதான் நின்றேன். மூன்றடி தூரம். அப்போது சொல்லியிருக்கலாம், அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் அது தப்பு மட்டும்தான், வயசான மனுஷன் தெரியாமல் செய்துவிட்டார் என்று போயிருக்கும். மத்தியானம் சொல்லியிருந்தால் தாமதம். புதன்கிழமை இரண்டாவது மீன் செத்தது, அன்றைக்கு அவள் தனியாக உட்கார்ந்து ஃபில்டரைக் கழுவினாள், அப்போது சொல்லியிருந்தால் வெட்கம். இப்போது சொன்னால் அதற்குப் பெயர் என்ன. ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகிறது. நேற்று சாப்பிடும்போது மாறன் தண்ணீர் ஜக்கை எடுக்க அவளைத் தாண்டிக் கை நீட்டினான், அவளிடம் கேட்கவில்லை, அவள் நாற்காலியைப் பின்னால் நகர்த்தி வழி விட்டாள், நான் ரசம் நன்றாயிருக்கிறது என்றேன். ரசம் நன்றாயிருக்கிறதாம். பக்கிரிசாமி ஞாபகம் வருகிறான். மெஸ்ஸில் சாம்பார் போடுகிறவன், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஒரு தரம் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டான், பந்தி ஆரம்பிக்கும் முன் தானே வந்து, "சார், தப்பு என்னுது, அடுப்படிப் பையனுவ யாரையும் ஏசக் கூடாது" என்று என் முன்னால் நின்றான். நான் அவனை எல்லார் முன்னாலும் வைத்துக் கிழித்தேன். ஒப்புக்கொண்டவனை. பேண்ட் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு கிழித்தேன். அவன் போய் உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டுச் சாம்பாரைச் சரிசெய்தான். அவனுக்கு ஒரு நிமிஷம் ஆனது. எனக்கு ஐந்து நாள் ஆகியும் ஆகவில்லை.

மூன்றில் ஒன்று சாய்கிறது, மஞ்சள் மீன், ஒரு பக்கமாகச் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்து, திரும்பச் சாய்கிறது. அருள்மொழி மீனுக்கு மருந்தாக உப்பைக் கரைத்த வாளியிலிருந்து குவளை குவளையாக ஓரமாக ஊற்றுகிறாள், அவசரப்படாமல், ஒவ்வொரு குவளைக்கும் நடுவில் அதைப் பார்த்துக்கொண்டு. போகிறவள், திங்கட்கிழமை போகிறவள், கொலைகாரி என்று பெயர் வாங்கியவள், அவன் மீனுக்கு உப்புத்தண்ணீர் ஊற்றுகிறாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மாறன் டீயை வைத்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. இந்தத் தண்ணீர் நிரம்பிவிட்டால் எல்லோரும் உள்ளே போய்விடுவோம். உள்ளே போனால் நான் சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும், மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் ஒரு காபி, திங்கட்கிழமை வாசலில் நின்று பார்த்துப் போம்மா என்று கை அசைப்பேன். நல்லபடியாகக் கை அசைப்பேன். மே மாசம் விமானம் ஏறிவிடுவேன். முதலில் எப்படி ஆரம்பிப்பது, அம்மா அருள்மொழி என்றா, ஒரு விஷயம் என்றா, ஒரு விஷயம் என்றால் அவள் பயந்துவிடுவாள், நெஞ்சு வலியோ என்று. நெஞ்சு வலி என்றே சொல்லிவிட்டால், சீ. என்ன புத்தி இது.

"நான்தாம்மா சோறு போட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் குவளையைச் சாய்த்தபடியே இருந்தாள். கேட்கவில்லை போலும் என்று திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும் மாமா" என்றாள். நிமிரவில்லை. "புதன்கெழம ஃபில்டர் பஞ்சு பூரா பருக்கை. எள்ளும் இருந்துச்சு. அவரு பாக்குறதுக்கு முன்னாடி வழிச்சுக் குப்பையில போட்டுட்டேன்." குழாயின் வாய் என் பக்கம் திரும்பி, தண்ணீர் என் காலிலேயே கொட்டியது. ஏம்மா, ஏன் சொல்லலை என்றேன். அவள் குவளையை வாளிக்குள் போட்டாள். "அவருகிட்ட என்னன்னு சொல்ல? ஒங்கம்மாவுக்குப் படைச்ச சோத்தத் தின்னுட்டுத்தான் பொட்டு செத்துச்சுன்னு நான் சொல்லவா? அத நீங்கதான் மாமா சொல்லணும்" என்றாள். வாளியைக் கல்லின் ஓரத்துக்கு நகர்த்தினாள். "சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வியாழக்கெழம நெனச்சேன். நேத்து சாப்புடறப்ப நீங்க தொண்டையக் கனைச்சீங்க, சரி, இப்ப சொல்லப் போறாருன்னு நெனச்சேன். ரசம் நல்லாருக்குன்னீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்ன நடந்தது என்று கேட்பவருக்கு விவரம் சொல்வதுபோல் சொன்னாள். ஐந்து நாளாக நான் மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேனே, மூன்று நாள் அவள் முன்னால் அம்மணமாக உட்கார்ந்து இட்லி தின்றிருக்கிறேன். அவளே சட்னியும் ஊற்றியிருக்கிறாள்.

கதவு நகர்ந்தது. மாறன் இறங்கி வந்தான், என்னைப் பார்த்து மட்டும், "அப்பா, காலெல்லாம் நனையுது பாருங்க, குடுங்க இங்க" என்று குழாயைப் பிடிக்க வந்தான். "மாறா, நான்தான் மீனுக்குச் சோறு போட்டேன். அதுலதான் செத்துச்சு. அவ பம்ப் போட்டதுல இல்ல." சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான், அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்தது சிரிப்பு, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவை, பிரியமான சிரிப்பு. "வேணாம்ப்பா. அவளுக்காக நீங்க பழிய ஏத்துக்க வேணாம். அம்மாவும் இப்படித்தான், யாரு என்ன பண்ணாலும் தான்தான் பண்ணேன்னு வந்து நிப்பாங்க" என்று என் தோளில் கை வைத்தான். அந்தக் கை கதகதப்பாக இருந்தது. பெருமையோடு வைத்த கை. என் வாழ்நாளில் அவன் என் தோளில் அப்படிக் கை வைத்ததில்லை. அருள்மொழி மஞ்சள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் எதையும் சொல்லமாட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் சும்மா இருந்தால் போதும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவன் நம்பவில்லை, அதற்கு நான் என்ன செய்வேன், நல்ல மனிதன் என்ற பெயரோடு உள்ளே போய்ச் சாக்ஸை மாற்றிக்கொள்ளலாம். ஒரு கணம், ஒரு கணமா, இல்லை, நாலைந்து கணம், அதையேதான் செய்யப்போனேன். தலையைக்கூட ஆட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"இல்லடா" என்றேன். "அமாவாசைக்கு வச்ச சோறு. காக்கா வரல. பொட்டு வந்துச்சு, ஒங்கம்மாதான் வந்துட்டான்னு நெனச்சேன். மூணு நாள் போட்டேன். நீ எழுதி ஒட்டியிருக்கறதப் படிச்சுட்டுத்தான் போட்டேன்." என் தோளிலிருந்த கை அப்படியே இருந்தது, அப்புறம் எடுக்கப்பட்டது. அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஒனக்குத் தெரியுமா?" என்றான். "தெரியும்" என்றாள். "ஏன் சொல்லல?" "நீங்க கேட்டீங்களா? ஏசத்தானே செஞ்சீங்க." அவன் கல்லில் போய் அவளுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்தான், கொஞ்ச நேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டான், "எத்தன நாளாத் தெரியும்?" என்றான், அவள் சொன்னாள், "எவ்வளவு சோறு இருந்துச்சு?" என்றான், அதையும் சொன்னாள், "பெரியவரு, எப்படி அருளு, இத்தன நாளு வாயே தெறக்காம..." என்றான், அவள், "மெதுவாப் பேசுங்க, நிக்கிறாரு" என்றாள். ஐந்து நாளுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள். பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான். நான் உள்ளே போகவில்லை, அங்கேயே நின்று அத்தனையையும் கேட்டேன்.